வீரமலை வீட்டுக் கோழிகளின் விடுதலை

காட்டூர் வீரமலைக்குக் கோழியைப் பற்றி ஒரே கொள்கைதான். "கோழின்னா மேயணும். வலைக்குள்ள அடைச்சா அது கோழியா? கைதி!" டீக்கடையில் இதைச் சொல்லும்போது அவர் குரல் தழுதழுக்கும். கம்பெனி கேட்டை முப்பது வருஷம் பூட்டித் திறந்த வாட்ச்மேன் அவர். விடுதலையின் அருமை தெரியாமல் இருக்குமா?

அந்த விடுதலையைக் கட்டிக் காக்கும் வேலை மட்டும் மனைவி வெள்ளையம்மாளுடையது. ஆறு பெட்டையும் ஒரு சேவலும் காலையில் வெளியே இறங்கினால் அவளும் இறங்க வேண்டும். பருந்தைப் பார்க்க வேண்டும், தெருநாயை விரட்ட வேண்டும். பக்கத்து வீட்டு ஜஹானாராவின் கீரைப்பாத்தியைக் கோழி கிளறினால் திட்டும் அவளே வாங்க வேண்டும். பொழுது சாய்ந்ததும் "பா... பா..." என்று கூப்பிட்டு, மூங்கில் பஞ்சாரத்தைக் கவிழ்த்து, மேலே கல்லை வைப்பாள். வேறு யார் குரலுக்கும் அதுகள் அசையாது.

இதனால் எட்டு வருஷமாக அவள் சமயபுரம் அம்மன் கோயில் பூச்சொரிதலுக்குப் போனதில்லை. தெருப் பெண்கள் தட்டில் பூவோடு வேன் ஏறுவார்கள். இவள் பூவை மட்டும் கொடுத்தனுப்புவாள். இருபத்தெட்டு நாள் நமக்காக விரதமிருந்து பட்டினி கிடக்கிற ஆத்தாளை ஒரு எட்டுப் போய்ப் பார்க்க முடியவில்லையே என்று நெஞ்சு கிடந்து அடித்துக்கொள்ளும்.

மாப்பிள்ளை அரவிந்தன் கோழிக்கூடு அடிக்கத் தென்னூரிலிருந்து கம்பிவலை வாங்கி வந்து கொடுத்தார். வீரமலை அதைச் சுருட்டியபடியே மாடியில் போட்டுவிட்டார்.

இந்த மாசிக் கடைசி ஞாயிறு, வெள்ளையம்மாள் பூத்தட்டோடு வாசலில் நின்றாள்.

"சாயங்காலம் கோழியை யாரு அடைப்பா?"

"நீங்கதான்."

"நான் கூப்பிட்டா வராதேடி!"

"விடுதலை வாங்கிக் குடுத்தவரே நீங்கதான். உங்க பேச்சைக் கேக்காம இருக்குமா?"

வேன் கிளம்பிவிட்டது.

கோயில் வரிசையில் சன்னதி கண்ணுக்குத் தெரிந்த நேரம் போன் அடித்தது. "ஒண்ணுகூட வரமாட்டேங்குது. ஸ்பீக்கர்ல போட்டிருக்கேன், கூப்பிடு!"

தட்டைத் தலையில் வைத்துக்கொண்டு, "பா... பா..." என்றாள். வரிசையே திரும்பிப் பார்த்துச் சிரித்தது.

"வந்துருச்சு! ஐயோ, போனைக் கொத்துது! பஞ்சாரத்துக்குப் போகலை. இன்னும் ரெண்டு தடவை கூப்பிடு!"

முன்னால் நாலே பேர். விளக்கொளியில் ஆத்தாள் முகம்.

"நான் கூப்பிட வேண்டிய ஆளு இங்க இருக்காங்க" என்று போனை அணைத்தாள். தட்டை நீட்டினாள். கண் நிறைந்தது. எட்டு வருஷத்தில் அந்த ஒரு பொழுதுதான் கோழி நினைப்பு வரவில்லை.

காலையில் திரும்பினால், சேவல் ஜஹானாரா வீட்டு முருங்கையில் இருந்தது. ஒரு பெட்டை இருந்த இடத்தில் இறகுதான் கிடந்தது.

"வெள்ளம்மா, உங்க வீட்டுக்காரர் என் மரத்தடியில பா பான்னு நல்லாப் பாடினாருங்க. சேவல்தான் ரசிக்கலை" என்றாள் ஜஹானாரா.

வீரமலை சுத்தியலும் கையுமாகக் கம்பிவலை அடித்துக்கொண்டிருந்தார். நிமிராமலே சொன்னார்: "நாய்த் தொல்லை பாரு. கோழின்னா வலைக்குள்ளதான் வளக்கணும். நான் அப்பவே நெனச்சேன்."

வெள்ளையம்மாள் கோயில் திருநீற்றை அவர் நெற்றியில் பூசிவிட்டாள்.

"நல்லா நெனச்சீங்க. கதவை உங்க கைக்கு எட்டுற பக்கமா வைங்க. அடுத்த ஞாயிறு நான் வயலூர் கோயிலுக்குப் போறேன்."