ட்ரோனுக்குப் பையைத் திறந்து காட்டிய செந்தில்

இன்று காரைக்கால் பக்கத்து நெரவியில் கவிதா வீட்டு மாடியில், ஆளுக்கொரு பாத்திரமாகப் பகடை உருட்டிக் கதை விளையாடினோம். வருடம் 2090. திருடிய சிப் ஒன்றைக் காரைக்காலிலிருந்து சென்னைக்குத் தரைவழியே கடத்த வேண்டும்.

மூன்று மணி நேரம் திட்டம் போட்டோம். கவச வண்டி, போலி விழித்திரை, எல்லாம் தயார். சிப் செந்திலின் பையில்.

நிஜத்தில் செந்தில் தினமும் காரைக்காலிலிருந்து பஸ்ஸில் நாகப்பட்டினத்துக்கு வேலைக்குப் போகிறவன். காரைக்காலில் மது மலிவு என்பதால், வழியில் தமிழக எல்லைச் சோதனைச் சாவடியில் பைகளில் மது பாட்டில் தேடுவார்கள்.

கதை நடத்திய கவிதா, எல்லைக் காவல் ட்ரோனின் குரலில் அதட்டினாள்: "நில்லு! எங்க போற?"

"பாட்டில்லாம் ஒண்ணும் இல்லீங்க சார், நீங்களே பாத்துக்குங்க!" என்று செந்தில் பையைத் திறந்துவிட்டான்.

உள்ளே இருந்த சிப்பை ட்ரோன் பார்த்துவிட்டது; கதையில் அத்தனை பேரும் செத்தோம்.

"பாட்டில் இல்லன்னு ஒத்துக்கிட்டாங்கல்ல?" என்கிறான் இன்னும்.

கேட்கும் முன்பே பையைத் திறக்கும் காரைக்கால்காரர்கள் கமெண்டில் வரவும். உங்களோடு நான் எந்த எல்லையும் தாண்டுவதாக இல்லை.