அம்மாவும் நானும் சப்பாத்து வாங்கிய பிறகு

1. கிளினிக்கில் அம்மாவின் இரத்தப் பரிசோதனை முடிவைப் பார்த்த டொக்டர், மூன்று மாதத்தில் சீனி இறங்காவிட்டால் ஊசி தொடங்கவேண்டும் என்றார்.
2. பஸ்ஸில் எங்கள் ஊரான கோப்பாய் வரும்வரை அம்மா ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: "ஊசியை நானே குத்தவேணுமோ?"
3. அடுத்த நாள் வேலை முடிந்ததும் யாழ்ப்பாணத்தில் இரண்டு சோடி சப்பாத்து வாங்கினேன். அம்மாவுக்கு ஒன்று, எனக்கு ஒன்று. கூடவே காலடி எண்ணும் கைமணிக்கூடும் சமையலறைக்கு ஒரு சின்னத் தராசும்.
4. அம்மா தன் சப்பாத்தைப் பெட்டியோடு அலுமாரிக்குள் வைத்துப் பூட்டினார்.
5. நாலு நாள் கழித்து வெளியே எடுத்தார்.
6. ஆறு கிழமை, ஒன்றரை மாதம், நடந்தோம், சாப்பாட்டை மாற்றினோம். சீனி இறங்கவில்லை.
7. பிழை என்னுடையது.

வீட்டில் அம்மாவும் நானும்தான். ஊசி என்றால் அம்மாவுக்கு ஆகாது. வீட்டில் விரலில் குத்தி ஒரு சொட்டு இரத்தம் எடுக்கும்போதுகூட, சுவரில் தொங்கும் கலண்டர் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு, "குத்திப்போட்டியோ?" என்று குத்துவதற்கு முன்பே மூன்று தரம் கேட்பார். தினமும் தன் வயிற்றில் தானே குத்துவதை அவரால் நினைத்துப் பார்க்கவும் முடியவில்லை.

எனக்கு ஏன் சப்பாத்து என்றால், பல்கலைக்கழகத்தில் படித்த காலத்தில் நான் தினமும் ஓடினவள். வேலை கிடைத்து ஊருக்கு வந்தபின் பழைய சப்பாத்தின் அடி கழன்றது. அன்றோடு ஓட்டமும் நின்றது. இரண்டு வருடமாகப் புதியது வாங்க நேரமில்லை என்று சொல்லிக்கொண்டிருந்தேன். நேரம் இருந்தது, மனம்தான் இல்லை. மென்பொருளில் பிழை தேடுவது என் வேலை. காலையிலிருந்து பின்னேரம்வரை கதிரையில் இருப்பேன். அலுவலகத்தின் இரண்டாம் மாடிக்கு ஏறினால் கதைக்க முன் கொஞ்சம் நிற்கவேண்டியிருந்தது.

முதல் நாள் விடிய அம்மா சட்டைக்குக் கீழே வெள்ளைச் சப்பாத்தோடு படலையைத் திறந்தார். சிவப்பு மண் படக்கூடாது என்று ஒழுங்கையின் நடுவால் காலைத் தூக்கித் தூக்கி வைத்தார். முன்வீட்டு அன்ரி வாசல் கூட்டிக்கொண்டு நின்றார்.

"என்னக்கா, சப்பாத்தெல்லாம் போட்டு, தூரவோ?"

"இல்லை, உதிலை சந்திமட்டும்."

"கடைக்கோ?"

"இல்லை, போட்டுத் திரும்பி வாறது."

"திரும்பி வாறதெண்டால் ஏன் போறியள்?"

 அடுத்த நாள் அம்மா கையில் ஒரு வெறும் பையோடு வந்தார். பை இருந்தால் யாரும் ஒன்றும் கேட்கமாட்டார்களாம். வெறும் பையைத் திரும்பக் கொண்டுவருவதும் அழகில்லை என்று, வழியில் தோட்டக்காரரிடம் ஒரு பிடி வல்லாரை, இன்னொரு நாள் கத்தரிக்காய் என்று வாங்கத் தொடங்கினார். எங்கள் சாப்பாடு மாறியதில் பாதி அந்தப் பையால்தான்.

நான் ஓடினேன் என்று சொல்லமுடியாது. வைரவர் கோயிலடிவரை ஓடி, இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிற்பேன். அம்மா ஆறுதலாக நடந்து வந்து என்னைப் பிடித்துவிடுவார்.

"என்ன பிள்ளை, முடிஞ்சுதோ? நான் இப்பதான் துடங்கிறன்."

அந்த வார்த்தைக்காகவே அடுத்த நாள் இன்னும் இரண்டு மின்கம்பம் கூட ஓடினேன். மூன்றாம் கிழமை, அம்மா சந்திக்கு ஒருதரம் போய்வருவதற்குள் நான் இரண்டுதரம் போய்வந்தேன். புதுச் சப்பாத்து ஓடவைக்கும் என்று யாராவது சொல்லியிருந்தால் சிரித்திருப்பேன். ஆனால் அதை வாசலில் பார்த்தால் கால் தானாகப் போனது. கைமணிக்கூடு மட்டும் நம்பிக்கைக்குரியதாக இல்லை; அம்மா அதைக் கட்டிக்கொண்டு தேங்காய் துருவினால் அதையும் நடையென்று எண்ணியது.

சாப்பாட்டுக்கு நான் ஓர் அட்டவணை போட்டேன். மத்தியானச் சோறு தராசில் அளந்து. இரவில் அரிசிமாப் புட்டுக்குப் பதிலாகக் குரக்கன் புட்டு, அதுவும் பாதி, மீதி மரக்கறி. தேத்தண்ணிக்குச் சீனி இல்லை. ஒவ்வொரு நாளும் சீனிக்குரிய கட்டத்தில் பூச்சியம் போட்டேன். நானும் அதே சாப்பாடுதான்.

ஆறாவது கிழமை விரலில் குத்திப் பார்த்தபோது இலக்கம் கிட்டத்தட்ட நின்ற இடத்திலேயே நின்றது. நான் யோசிக்காமல் கேட்டுவிட்டேன்.

"அம்மா, நான் வேலைக்குப் போனாப்பிறகு என்ன சாப்பிடுறனீங்கள்?"

அம்மா சுண்டுவிரலைத் துடைத்தார். "நீ எழுதித் தந்ததைத்தான்."

அதற்குப் பிறகு இரண்டு நாள் தேவைக்கு மட்டும் கதைத்தார். நடக்க வந்தார், பை வந்தது, பகிடி வரவில்லை.

சனிக்கிழமை பின்னேரம் அட்டவணையை மேசையில் விரித்து ஒவ்வொரு கட்டமாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். அம்மா இரண்டு கோப்பை வெறுந்தேத்தண்ணியும் வழமையான சின்னப் பனங்கட்டிப் போத்தலும் கொண்டுவந்து வைத்தார். ஒரு பனங்கட்டித் துண்டை எடுத்துக் கடித்து, ஒரு மிடறு குடித்தார். நானும் ஒரு துண்டைக் கடித்தேன். அது கன்னக் கொடுப்புக்குள் கரைந்துகொண்டிருக்க, அன்றைய சீனிக் கட்டத்தில் பூச்சியம் போட்டேன்.

பேனை அங்கேயே நின்றது.

"அம்மா, ஒரு நாளைக்கு எத்தினை துண்டு?"

"எது?"

"பனங்கட்டி."

"அது சீனியே? பனையிலையிருந்தெல்லோ வாறது."

"நானும் அப்பிடித்தான் நினைச்சிருக்கிறன்."

அம்மா விரல் விட்டு எண்ணினார். விடிய எழும்பின உடன் இரண்டு. நடந்துவிட்டு வந்து இரண்டு. நடந்த களைப்புக்கு இன்னொன்று. பத்து மணிக்கு ஒன்று, பின்னேரம் இரண்டு, விளக்கு வைத்தபின் இரண்டு. ஒரு கை முடிந்து மற்றக் கையும் முடிந்தது. சீனியை நிற்பாட்டியதால் கூடிய துண்டுகளும் இருந்தன. ஒளித்துச் சாப்பிடவில்லை; நான் வீட்டில் நின்ற நேரமெல்லாம் என் முன்னால், என்னோடு சேர்ந்து சாப்பிட்டார். என் அட்டவணையில் அதற்கு ஒரு கட்டமே இருக்கவில்லை.

"பிழை என்ரை, அம்மா. உங்களைக் கேட்டது சரியில்லை."

அம்மா போத்தலை மூடினார்.  பிறகு, "வேலையிலையும் உப்பிடித்தான் பிழை பிடிக்கிறனியோ? பாவம் சம்பளம் தாறவை," என்றார்.

அன்றிலிருந்து தேத்தண்ணி இருவருக்கும் ஒன்றும் கடிக்காமல்தான். முதல் கிழமை அம்மா அதை மருந்து மாதிரி, மூச்சைப் பிடித்துக் குடித்தார். எனக்கும் கசந்தது, சொல்லவில்லை.

மூன்று மாதம் முடிந்து கிளினிக்குக்குப் போனோம். அம்மாவின் சீனி இறங்கியிருந்தது. டொக்டர் சொன்ன அளவுக்கு இன்னும் வரவில்லை. விழுங்குகிற குளிசை பழையபடி, ஊசி இப்போதைக்கு இல்லை. நான் கிழமையில் நாலு நாள், நிற்காமல் மூன்று கிலோமீற்றர் ஓடுகிறேன். அம்மா மழை இல்லாத எல்லா நாளும் நடக்கிறார். அடுத்த பரிசோதனைக்கு இன்னும் இரண்டு மாதம் இருக்கிறது.