நூல் சொன்னதை நம்பினேன்

போன வருடம் வைகாசியில், கம்பத்தில் எங்கள் வீட்டு வாசலில் நடந்தது இது. கேரளாவில் மலைமேல் என் நாத்தனார் வீடு கட்டியிருந்தார். மறுநாள் காலை பால் காய்ச்சுகிறார்கள். நான், கணவர், மாமியார், எங்கள் இரண்டு பெண்கள், எல்லாரும் எங்கள் காரிலேயே கம்பமெட்டு வழியாகப் போவதாக ஏற்பாடு.

சில நாட்களாகவே வண்டி இடது பக்கம் இழுத்தது. அந்தப் பக்க முன்டயரும் உள்ஓரத்தில் தேய்ந்திருந்தது. அலைன்மென்ட், அதாவது சக்கரங்கள் நேராக நிற்கும் அளவு, போயிருக்கிறது என்று புரிந்தது. எனக்குத் தொழில் தையல். அளவெடுப்பதில் பயமே கிடையாது. வீடியோக்களைப் பார்த்து, இதற்கு முன்பும் ஒருமுறை நானே வீட்டில் சரிசெய்திருக்கிறேன்.

அன்று மத்தியானம் கடையைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தேன். வண்டியின் இரு பக்கமும் ஸ்டூல்களை வைத்து, பின்சக்கரத்திலிருந்து முன்சக்கரம் வரை நேராக நூல் கட்டினேன். நூலுக்கும் ரிம்முக்கும் உள்ள இடைவெளியை முன்னும் பின்னும் அளந்தேன். இடது சக்கரம் கோணலாகத்தான் நின்றது. ஸ்டியரிங்கிலிருந்து சக்கரத்துக்கு வரும் டை ராடு கம்பியில் நட்டைத் தளர்த்தி, கொஞ்சம் திருகி, மறுபடி இறுக்கினேன். அளந்தால் கச்சிதம். ரொம்பப் பெருமையாக இருந்தது.

வண்டியை முன்னும் பின்னும் உருட்டிவிட்டு அளந்தால் அளவு மாறியிருந்தது! மறுபடி சரிசெய்தேன். உருட்டினேன். மறுபடி மாறியது.

உரக்கடையிலிருந்து சாப்பிட வந்த கணவர் சிரித்தார். "நூலு தொய்ஞ்சிருக்கும். இழுத்துக் கட்டு."

"நூலு சரியாத்தான் இருக்கு. வண்டிதான் ஒரே இடத்துல நிக்க மாட்டேங்குது" என்றேன்.

பின்சக்கரங்களுக்குக் கல் வைத்து, முன்பக்கத்தை ஜாக்கியில் தூக்கி, சக்கரத்தை இரண்டு கையாலும் பிடித்து அசைத்தேன். டக் டக்கென்று ஆடியது. டை ராடு முனையில் இருக்கும் மூட்டு தேய்ந்துபோயிருந்தது. அது கழன்றால் ஸ்டியரிங் திரும்பும், சக்கரம் திரும்பாது. அந்த மலைப் பாதையின் வளைவுகளில், பின்சீட்டில் என் பிள்ளைகள் இருப்பது கண்முன் வந்தது.

"நாளைக்கு இந்த வண்டி மலையேறாது" என்றேன்.

அவருக்குக் கோபம். "இம்புட்டு நாளு ஓடலையா? இன்னும் ஒரு நா ஓடாதா? இனிமே மெக்கானிக்கத் தேடி எப்பக் கெளம்புறது? அங்கன எல்லாரும் காத்துக்கிட்டு இருப்பாக."

நான் கார் சாவியை எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டேன். எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்த மாமியார்தான் பேசினார்.

"அவ அளவெடுத்துத் தச்ச சட்டை ஒண்ணுகூட எனக்குச் சேராமப் போனதில்லடா. பேசாம ஜீப்பச் சொல்லு."

விடியுமுன்னே வாடகை ஜீப்பில் கிளம்பினோம். வழியெல்லாம் கணவர் முகத்தைத் திருப்பிக்கொண்டே வந்தார். வாசலுக்கு வந்த நாத்தனார், "கார் எங்கண்ணே?" என்று கேட்டதற்கு, "ஒன் மதினி விடல" என்று மட்டும் சொன்னார். எனக்குச் சுருக்கென்றது. ஆனாலும் பால் பொங்குவதை நிம்மதியாக நின்று பார்த்தேன்.

ஊர் திரும்பியதும் மெக்கானிக் வீட்டுக்கே வந்தார். அடியில் படுத்து, கம்பியைப் பிடித்துக் கையால் ஓர் இழு இழுத்தார். மூட்டு அப்படியே கழன்று வந்துவிட்டது.

"இதோட மலைக்கா போக இருந்தீக?" என்றார்.

என் கணவர் அந்த இரும்புத் துண்டை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு என்னிடம், "நல்லவேள, நீ விடல" என்றார்.

இன்றும் என் வண்டியை நானேதான் அளக்கிறேன். ஆனால் அன்று நட்டைத் திருகி அளவு பார்த்ததைவிட, இது சரியாகவில்லை என்று எல்லார் முன்னாலும் அழுத்திச் சொன்னேனே, அதைத்தான் என் திறமையாக நினைக்கிறேன்.