கேபினை விட்டு எறங்குங்க, எடை போடணும்

வேபிரிட்ஜ் வேலையில் பொய் சொல்லாதது அந்த இரும்பு மேடை ஒன்றுதான். அதன் மேல் வண்டியை ஏற்றுகிற எல்லாரும் பொய் சொல்வார்கள். லாரியை அப்படியே மேடையில் நிறுத்தி எடை போடும் இடங்களில், கண்ணாடிக் கூண்டுக்குள் குந்திக்கொண்டு, ஆரன் சத்தத்திலும் டீசல் புகையிலும் சீட்டு கிழித்துக் கொடுத்த என் இனத்தாரே, உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். மற்றவர்களும் படிக்கலாம், தப்பில்லை. திருவொற்றியூர்ப் பக்கம் ஒரு வேபிரிட்ஜில் பதினெட்டு வயதில் சேர்ந்தேன். தொண்ணூறுகள் முடியப்போகிற நேரம்.

ஆளு எங்கே?

நான் சேர்ந்தது கூட்டிப் பெருக்க. சிரிக்காதீர்கள், அது பெரிய வேலை. மேடைக்கும் பக்கச் சுவருக்கும் நடுவில் ஒரு கருங்கல் சில்லு மாட்டிக்கொண்டால் போதும், எடை தப்பிவிடும். எட்டு மாதம் துடைப்பமும் கையுமாக இருந்தேன். கூண்டில் உட்கார்ந்திருந்தவர் மஞ்சள் காமாலையில் படுத்துவிட, வேறு யாரும் கிடைக்காமல் ஓனர் என்னை உட்கார வைத்தார்.

முதல் வண்டி உப்பு லோடு. டிரைவர் கூண்டுக்குள் எட்டிப் பார்த்தார். பின்பக்கம் ஒரு சுற்றுப் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். நான் சீட்டை நீட்டிக்கொண்டே நிற்கிறேன், மனுஷன் வாங்கினால்தானே! “அது கெடக்கட்டும்மா, எடை போடற ஆளு எப்ப வருவாரு?” என்றார்.

தண்ணி டிரம்மும் நாலு தடியன்களும்

காலி வண்டிக்கு ஒரு எடை, லோடு ஏற்றி வந்ததும் ஒரு எடை, ரெண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் சரக்கு. இதில் என்ன ஏமாற்ற முடியும் என்று நினைத்தேன், பைத்தியக்காரி. பழைய இரும்பு வாங்க வந்த வண்டி ஒன்று காலியாக ஏறியது. கேபினுக்குள் நாலு தடியன்கள், பின்னால் தளும்பத் தளும்பத் தண்ணி டிரம். நான் பாட்டுக்கு எடை போட்டேன். லோடோடு திரும்பி வந்தபோது டிரைவர் மட்டும்தான் இருந்தார், டிரம் காலி. நாலு ஆளும் ஒரு டிரம் தண்ணியும் என்ன எடையோ, அத்தனை இரும்பு ஓசியில் போய்விட்டது. விற்றவர் வந்து ஓனரைக் கிழித்தார், ஓனர் என்னைக் கிழித்தார்.

அன்றிலிருந்து என் சட்டம் ஒன்றுதான்: மேடையில் வண்டி நின்றதும் எல்லாரும் இறங்கணும். செல்வராஜ் அண்ணன் என்று ஒருத்தர், காசிமேட்டுக்காரர், கன்டெய்னர் டிரெய்லர் ஓட்டுகிறவர், வாரத்தில் நாலு நாள் வருவார். நல்ல கனத்த உடம்பு, கேபினில் ஏறி இறங்குவதே பெரும்பாடு. முட்டி வலி என்றார், மழை என்றார். நான் அசையவில்லை. பின்னால் ஆறு வண்டி ஆரன் அடித்தது. கடைசியில் முனகிக்கொண்டே இறங்கி, மழையில் நனைந்தபடி சொன்னார்: “உங்கப்பனே வந்தாலும் எறக்கி வுட்டுத்தான் எடை போடுவே போல கீது!”

எங்கப்பன் செய்த காரியம்

அவர் விளையாட்டாகத்தான் சொன்னார். எனக்குத்தான் சுருக்கென்றது. என் அப்பா ஹார்பரில் மூட்டை தூக்கினவர், தூக்கினதையெல்லாம் குடித்தவர். எனக்குப் பத்தாவது பரீட்சைக்குப் பத்து நாள் இருக்கும்போது என் புத்தகங்களை மொத்தமாகப் பழைய பேப்பர் கடையில் போட்டுவிட்டுக் குடித்துவிட்டு வந்தார். ஏன்யா என்று கேட்ட அம்மாவுக்கு அடி. அம்மா இறால் உரிக்கிறவள், விரலெல்லாம் புண். அந்தக் கையோடு வீடு வீடாகப் போய்க் கேட்டு நாலு புத்தகம் வாங்கி வந்தாள். கணக்குப் புத்தகம் மட்டும் யாரும் தரவில்லை. கணக்கில் பத்தொன்பது மார்க், மற்றதெல்லாம் பாஸ். அப்பா போய்ச் சேர்ந்து பல வருஷம் ஆகிறது. அந்தக் கோபம் எனக்கு இன்னும் முழுசாகத் தீரவில்லை.

படிப்பு அவ்வளவுதான் என்று விட்டுவிட்டேன். சில வருஷம் கழித்து வேபிரிட்ஜுக்குக் கம்ப்யூட்டர் வந்தது. ஓனர் கெட்டவர் இல்லை, ஆனால் கறார். மேசையைத் துடைத்துக்கொண்டிருந்த என்னைக் கூப்பிட்டுச் சொன்னார்: “பத்தாவது பாஸ் பண்ணு, இதுல உக்காரு. செப்டம்பருக்குள்ள முடியலன்னா வேற ஆள் போட்டுக்கறேன், அப்புறம் என்னைக் குத்தம் சொல்லாத.”

எக்ஸு என்கிற சரக்கு

மறுபடியும் துடைப்பமா? விடியற்காலை எழுந்து கணக்குப் போட்டேன், ரெண்டு வண்டிக்கு நடுவில் போட்டேன். நோட்டுக்குப் பதிலாக, அடித்து வீணான எடைச் சீட்டுகளின் பின்பக்கம்தான் எனக்கு. வந்தது வினை. ஒருநாள் அவசரத்தில், நல்ல சீட்டு என்று நினைத்து என் அல்ஜீப்ரா சீட்டைக் கொடுத்தனுப்பிவிட்டேன். அரை மணி நேரத்தில் வண்டி திரும்பி வந்தது. ஓட்டிவந்தவர் செல்வராஜ் அண்ணன்தான். “என் வண்டில எக்ஸுன்னு ஒரு சரக்கு கீதாமே, கம்பெனி கேட்ல எறக்கிக் காட்டச் சொல்றான், எங்க வெச்சே?”

விஷயம் ரோடு முழுக்கப் பரவியது. அதன் பிறகு சீட்டு வாங்குகிற ஒவ்வொருத்தரும் திருப்பிப் பார்த்துவிட்டுத்தான் போவார்கள். மார்ச்சில் எழுதினேன். முப்பத்து மூணு. ரெண்டு மார்க்கில் போச்சு. கூண்டுக்குள் மூக்கைச் சிந்திக்கொண்டிருந்த என்னைப் பார்த்துச் செல்வராஜ் அண்ணன் தலையில் அடித்துக்கொண்டார்: “நாப்பது டன்னு லோடுக்குக் கணக்கு போடற, முப்பத்தஞ்சு மார்க்கு எடுக்க முடியலியா?”

லைன்

செப்டம்பர் பரீட்சை, ராயபுரத்தில் ஒரு பள்ளிக்கூடம், காலை பத்து மணி. பத்தரைக்கு மேல் உள்ளே விடமாட்டார்கள். எர்ணாவூரில் எட்டு மணிக்கே பஸ் ஏறிவிட்டேன். அன்றைக்கென்று கன்டெய்னர் லைன்! ஹார்பருக்குள் போக ரெண்டு நாள்கூட வரிசையில் நிற்பார்கள், உங்களுக்குத் தெரியாததா? ரோட்டை அடைத்துக்கொண்டு வண்டிகள். பஸ்ஸும் நகரவில்லை, ஆட்டோவும் நகரவில்லை. ஒன்பதே முக்காலுக்கு, டோல்கேட்டுக்குக் கொஞ்சம் முன்னால் இறங்கி நடந்தேன். நடந்தால் முடியாது என்று தெரியும். அழுதுகொண்டே நடந்தேன்.

“இன்னா தங்கச்சி, அழுதுகினு போற?” மேலே கேபினில் செல்வராஜ் அண்ணன், முந்தின நாள் மத்தியானத்திலிருந்து லைனில் நிற்கிறார். சொன்னேன். டீ, டிபன் வாங்கி வர டிரெய்லரில் ஒரு சைக்கிள் கட்டி வைத்திருந்தார். அதை அவிழ்த்தார். பின்னால் இருந்த டிரைவரிடம் வண்டியைப் பார்த்துக்கொள்ளச் சொன்னார். என்னிடம் “குந்து” என்றார். லாரிக்கு லாரி நடுவில் இருந்த சந்தில் மிதித்தார் பாருங்கள், “வழி வுடுங்கப்பா, பொண்ணு பரீட்சைக்குப் போவுது!” என்று கத்திக்கொண்டே. ஆங்காங்கே டிரைவர்கள் இறங்கி, நின்றிருந்த பைக்குகளை ஓரம் கட்டினார்கள். பத்து பத்துக்குப் பள்ளிக்கூட வாசல். அவர் மூச்சு வாங்கித் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். நான் நன்றிகூடச் சொல்லாமல் உள்ளே ஓடினேன்.

அப்புறம்தான் தெரிந்தது, அந்த நேரம் பார்த்து லைன் நகர்ந்திருக்கிறது. ஆள் இல்லாத வண்டியைக் கிரேன் வைத்து ஓரம் இழுத்துவிட்டார்கள். திரும்பவும் கடைசியில் போய் நின்று, இன்னும் ஒன்றரை நாள் காத்திருந்தாராம். அடுத்த முறை மேடைக்கு வந்தபோது கையைக் கூப்பினேன். அவருக்குக் கோபமே வந்துவிட்டது. “எனக்கு லைனு நாளைக்கும் வரும், உனுக்குப் போனா ஆறு மாசம் ஆவும்ல? எடைய போடு, பின்னாடி வண்டி நிக்குது.”

நாற்பத்தொன்று

கணக்கில் நாற்பத்தொன்று. ஓனர் மார்க் ஷீட்டைப் பார்த்தார், கம்ப்யூட்டர் முன்னால் நாற்காலியை இழுத்துப் போட்டார். அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. இறால் வாசம் போகக் கையை மூணு தடவை சோப்புப் போட்டுக் கழுவி, முந்தானையில் துடைத்துவிட்டு வாங்கினாள். ரொம்ப நேரம் பார்த்தாள். பிறகு கேட்டாள்: “நல்லா பாத்துச் சொல்லு, இது உன் பேருதானே?”

இப்போது அந்த வேபிரிட்ஜை நானே குத்தகைக்கு எடுத்து நடத்துகிறேன், ‘சொந்தக் காலில் நின்று முன்னுக்கு வந்தவள்’ என்று யாராவது விழா மேடையில் புகழ்ந்தால் மட்டும், கடைசி நாலு கிலோமீட்டர் சைக்கிள் கேரியரில் வந்தேன் என்று திருத்திச் சொல்லிவிட்டுத்தான் மாலையை வாங்கிக்கொள்கிறேன்.