காயாரோகணம் விற்ற சத்தம்

திருத்துறைப்பூண்டிக்குக் கிழக்கே, முள்ளியாற்றுக் கரையோரம் இருக்கிற ஊர்ப் பெண்கள் யாருக்கும் மீன்காரன் காயாரோகணத்தைப் பிடிக்காது. அவனுக்கும் அவர்களைப் பிடிக்காது. ஆனால் வெயில் ஏறுவதற்குள் அவன் வந்தாக வேண்டும், அவர்கள் சட்டியோடு வாசலில் நின்றாக வேண்டும். கல்யாணம் ஆன நாளிலிருந்து அவன் பார்க்கிற பிழைப்பு இது.

விடியுமுன் ஆறுகாட்டுத்துறையில் ஏலத்தில் நின்று மீன் எடுப்பான். ஐஸ் பெட்டியை மோட்டார் சைக்கிளின் பின்னால் கட்டிக்கொண்டு ஊர் ஊராக வருவான். "மீனு, மீனு" என்று அவன் ஒருநாளும் கத்தியதில்லை. ஐஸ் உருகி ஒழுகிய உப்புத் தண்ணீர் அவன் வண்டியின் சைலன்சரைத் தின்று ஓட்டை ஓட்டையாக ஆக்கியிருந்தது. கெட்டிமேளம் என்று சொன்னதும் நாலு தவில் சேர்ந்து விழுமே, அந்தச் சத்தம் அதில் வரும். வண்டி ஆற்றுப் பாலம் ஏறும்போதே ஊருக்குள் சட்டிகள் வெளியே வந்துவிடும்.

பூனைகளைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். அந்த ஊர்களில் ஒன்றான நெடுவாக்கரையில், சந்திரலேகா வீட்டுப் பூனைக்கு இரண்டு கண்ணும் அவிந்து போயிற்று. அதுகூட இந்தச் சத்தம் கேட்டால் சுவரில் இடிக்காமல் நேராக ரோட்டுக்கு வந்து நிற்கும். நடவு வயல் கொக்குகளும் அப்படித்தான். அதில் ஒரு கொக்கு, ஐஸ் பெட்டியைப் பார்த்துக்கொண்டே வேதாரண்யம் வரை போய்விட்டுச் சாயங்காலம் பஸ்ஸில் திரும்பி வந்ததாம். கண்டக்டர் டிக்கெட் கேட்கவில்லையாம். கேட்டால் கொத்தும் என்று பயம்.

இப்படிப்பட்ட வண்டியைக் காயாரோகணம் விற்க வேண்டி வந்தது. கிக்கரை உதைத்து உதைத்து வலது முட்டி வீங்கிவிட்டது. "இனிமே உதைச்சீங்கன்னா கால் மடங்காது" என்று டாக்டர் சொல்லிவிட்டார். மனைவி சுந்தரி, மகளிர் குழுவில் கடன் எடுத்து, பொத்தானை அழுத்தினால் ஓடுகிற பேட்டரி ஸ்கூட்டருக்கு முன்பணம் கட்டினாள்.

பழைய வண்டியைக் கேட்டு முதலில் ஆள் விட்டவன் வெற்றிசெல்வன். காயாரோகணத்தின் தங்கை புருஷன், அவனும் மீன்காரன். வண்டியில் ஒலிபெருக்கி கட்டி, பதிவு செய்த குரலில் "வஞ்சிரம், வாவல், நெத்திலி" என்று போட்டுக்கொண்டு போவான். வெங்காய ஆட்டோவும் பழைய இரும்பு ஆட்டோவும் அதேபோலத்தான் கத்துகின்றன. அதனால் யாரும் எட்டிப் பார்ப்பதில்லை. தன் மகளுக்குக் காது குத்தியபோது, தாய்மாமன் மடியில் உட்கார வேண்டிய குழந்தையை, "அவரு வர நேரமாவும்" என்று சொல்லிப் பங்காளி ஒருவன் மடியில் உட்கார வைத்தவன் அவன். மாலையும் புதுச் சட்டையுமாக வந்த காயாரோகணம் மண்டப வாசலோடு திரும்பிவிட்டான். அன்று மூண்டது. இன்றுவரை அணையவில்லை.

"அவன் எதுக்குக் கேக்கறான் தெரியுமா? வண்டிக்கா? சத்தத்துக்கு" என்றான் காயாரோகணம் சுந்தரியிடம். "அந்தச் சத்தத்தோட என் ஊருக்குள்ள பூந்தா என் யாவாரம் முழுசும் அவனுக்குப் போயிடும். ஆத்துல தள்ளுவேன், அவனுக்குக் குடுக்க மாட்டேன்."

"ஆத்துல தள்ளுனா குழுக் கடன யாரு கட்டறது, ஆத்து மீனா?" என்றாள் சுந்தரி. செல்போனில் பழைய வண்டி வாங்குகிற கம்பெனி ஒன்றைப் பிடித்து, வண்டியை நாலு பக்கமும் படமெடுத்து ஏற்றினாள். வீட்டுக்கே வந்து பார்த்து எடுத்துக்கொள்வோம் என்று பதில் வந்தது.

வந்தவன் ஃபஹத். கூத்தாநல்லூர்ப் பையன், தஞ்சாவூரில் கம்பெனி வேலை. வண்டிக்குப் பக்கத்தில் வந்ததும் கைக்குட்டையை எடுத்து மூக்கில் வைத்தான். காயாரோகணத்துக்கு அதிலேயே பற்றிக்கொண்டது.

"என்ன தம்பி, சளியா?"

"இல்லண்ணே. வண்டியில என்ன ஏத்துவீங்க?"

"மல்லியப்பூ."

ஃபஹத் சிரிக்கவில்லை. குனிந்தான், தட்டினான், துருவைச் சுரண்டினான், ஒவ்வொன்றையும் படம் எடுத்தான். எடுத்த படத்தில் எல்லாம் எங்கிருந்தோ வந்த ஒரு பூனை சீட்டில் உட்கார்ந்திருந்தது. விரட்டினால் அடுத்த படத்தில் டேங்க் மேல் இருந்தது.

"பூனைய விலையில சேத்துக்க தம்பி" என்றான் காயாரோகணம்.

"சேசிஸ்ல துரு இருக்குண்ணே. அது கூட பரவால்ல. சத்தம் ரொம்ப ஜாஸ்தி. அதுக்குத்தான் விலை குறையும்."

"எதுக்குக் குறையும்?"

"சத்தத்துக்கு."

"அடப்பாவி. இந்த வண்டியில விலையுள்ளதே அது ஒண்ணுதான். அதுக்குப் போயி குறைக்கறியே."

"நான் குறைக்கலண்ணே, சிஸ்டம் குறைக்குது."

"அந்த சிஸ்டத்த இங்க வரச்சொல்லு. பேசிக்கறேன்."

சுந்தரி இடையில் வந்து, "நீங்க கொஞ்சம் சும்மா இருங்க" என்றாள். கம்பெனி சொன்ன விலை, வெற்றிசெல்வன் சொல்லி அனுப்பியதைவிடக் குறைவு. அது தெரிந்தும் காயாரோகணம் ஒன்றே ஒன்றுதான் கேட்டான்.

"இந்த வண்டி இங்கேருந்து எங்க போவும்?"

"ஆன்லைன்ல ஏலம் விடுவாங்கண்ணே. சென்னை, பெங்களூரு, எங்கேருந்து வேணும்னாலும் எடுப்பாங்க."

காயாரோகணத்தின் காதில் பெங்களூரு மட்டும் விழுந்தது. முகம் முதல்முறையாக மலர்ந்தது. "அப்ப சரி. பெங்களூருக்காரன் காது கிழியட்டும்."

போனுக்கு ஒரு நம்பர் வந்திருக்கும், அதைச் சொல்லுங்கள் என்று ஃபஹத் கேட்டபோது மறுபடி சண்டை. யாரிடமும் சொல்லக்கூடாது என்று பேங்க்கில் சொல்லியிருக்கிறார்கள் என்று காயாரோகணம் போனை வேட்டிக்குள் முடிந்துகொண்டான். சுந்தரிதான் பிடுங்கிச் சொன்னாள். பணம் அவள் கணக்கில் விழுந்தது. வேன் வந்து வண்டியை ஏற்றிக்கொண்டு தஞ்சாவூர் ரோட்டில் போனது. பூனை தெருமுனை வரை ஓடிவிட்டுத் திரும்பியது.

அடுத்த வாரம் காயாரோகணம் புது ஸ்கூட்டரில் நெடுவாக்கரைக்குள் நுழைந்தான். வண்டி பாய் மேல் பாம்பு ஊர்ந்த மாதிரி போனது. ஒரு சட்டிகூட வெளியே வரவில்லை. ஒரு பூனைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. கோயில் வாசலில் நின்று தொண்டையைச் செருமினான். கூப்பிட்டுப் பழக்கமில்லை. "மீ..." என்று தொடங்கினான். வெட்கமாக இருந்தது. நிறுத்திக்கொண்டான்.

அப்போது ஆற்றுப் பாலத்தில் நாலு தவில் விழுந்தது.

அவனுடைய சத்தம். கதவுகள் திறந்தன. அவனைத் தாண்டிக்கொண்டு பெண்கள் சட்டியோடு ஓடினார்கள். சந்திரலேகாவின் குருட்டுப் பூனை அவன் கால் மேலேயே மிதித்துக்கொண்டு போனது. அவன் வண்டி மேல் வெற்றிசெல்வன் உட்கார்ந்திருந்தான்.

"பெங்களூருக்குப் போன வண்டிடா இது" என்றான் காயாரோகணம்.

"போவலியே மச்சான். தஞ்சாவூர்ல நின்னுச்சு. நம்ம திருத்துறைப்பூண்டி பஸ் ஸ்டாண்டு குணசேகரன் இருக்கான்ல, பழைய வண்டி யாவாரி, அவன் போன்ல ஏலம் கேட்டு எடுத்தான். அவன்கிட்ட நான் எடுத்தேன். நேரா எனக்கே குடுத்திருந்தா உனக்கு நாலு காசு கூட வந்திருக்கும்."

வீட்டில் சுந்தரி இன்னும் மோசமாகக் கேட்டாள். "தினம் ஏலத்துல நிக்கிற ஆளு நீங்க. கிட்டக்க நிக்கிறவன்தான் ஏலம் எடுப்பான்னு உங்களுக்கு நான் சொல்லித் தரணுமா?" அவன் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தான்.

மறுநாள் அவன் பாலத்துக்கு இந்தப் பக்கம், தூங்குமூஞ்சி மரத்தடியில் ஒதுங்கிக் காத்திருந்தான். வெற்றிசெல்வன் போனதும் பின்னாலேயே விட்டான். முன்னால் போகிற வண்டி ஊரைக் கூப்பிட்டது. பின்னால் வந்தவன் சத்தமில்லாமல் நெடுவாக்கரை மதகடியில் அவனை ஒட்டி நின்றான்.

வெற்றிசெல்வன் திரும்பினான். "என்ன மச்சான், வால் மாதிரி வர்ற?"

"ரோடு உங்கப்பன் போட்டதா?"

"பெட்ரோல் நான் போடறேன், யாவாரம் நீ பண்றியா?"

"சத்தம் என்னுதுடா."

"வித்துட்டியே. உன் பொண்டாட்டி கணக்குல காசும் விழுந்திருச்சே."

பெண்கள் சுற்றி நின்று வேடிக்கை பார்த்தார்கள். சண்டை முடிகிற மாதிரி இல்லை என்று தெரிந்ததும் சந்திரலேகா வெற்றிசெல்வனிடம் சங்கரா மீன் வாங்கினாள். விலை அங்கேதான் சல்லிசு. வாங்கிய சட்டியை அப்படியே கொண்டுவந்து காயாரோகணத்தின் முன்னால் வைத்தாள்.

"அறுத்துக் குடு."

மீனைச் செதில் எடுத்து, குடல் நீக்கி, குழம்புக்கு ஏற்றபடி துண்டு போட்டுக் கொடுப்பது காயாரோகணத்தின் வழக்கம். வெற்றிசெல்வன் நிறுத்துப் போட்டுவிட்டுப் போய்விடுவான்.

"அவன்கிட்ட வாங்கிட்டு என்கிட்ட அறுக்கச் சொல்றியா?"

"நீதான நல்லா அறுப்ப."

"அவன் மீன என் கத்தி தொடாது."

"அப்ப அந்தக் கத்திய வச்சு உன் முதுகச் சொறிஞ்சுக்க" என்றாள் சந்திரலேகா. சட்டியைத் தூக்கிக்கொண்டு வெற்றிசெல்வனிடம் போனாள். "நீ அறுத்துத் தாய்யா."

"எனக்கு நேரமில்லக்கா. இன்னும் ஊரு இருக்கு."

"எனக்கு மட்டும் இருக்கா? களையெடுக்க ஆள் வந்து நிக்குது." சங்கரா முழுவதையும் அவன் பெட்டிக்குள்ளேயே திருப்பிக் கவிழ்த்தாள். காசைக் கேட்டு வாங்கினாள். மறுபடி காயாரோகணத்திடம் வந்து நின்று, "உன் சங்கரா என்ன விலை சொல்லித் தொலை" என்றாள்.

காயாரோகணம் வழக்கமான விலையைவிடப் பத்து ரூபாய் ஏற்றிச் சொன்னான்.

"கட்டையில போறவனே" என்று சொல்லிக்கொண்டே அவள் கொடுத்தாள். பின்னாலேயே இன்னும் நாலு பெண்கள் சட்டிகளை வரிசையாக வைத்தார்கள்.

வெற்றிசெல்வன் கிக்கரை உதைத்தான். தவில் முழங்கியது. வண்டி மதகைத் தாண்டி அடுத்த ஊரைப் பார்த்துப் போனது. பூனைகளில் பாதி அதோடு போயின.

காயாரோகணம் அவசர அவசரமாகச் செதிலைச் சீவினான். கண் சட்டியில் இருந்தது, காது ரோட்டில் இருந்தது. இந்நேரம் அடுத்த ஊரில் கதவுகள் திறந்திருக்கும், சத்தத்தின் பின்னாலேயே போனால்தான் வியாபாரம். இன்னும் நாலு சட்டி பாக்கி.

"பாத்து வெட்டுய்யா" என்றாள் சந்திரலேகா. "குடல அப்படியே விட்டுட்ட."