மக்பூல் பாய் வெட்டிய செய்திகள்

கத்தியைப் பத்திரிகையின் மேல் வைப்பதற்கு முன் மக்பூல் அகமது கட்டைவிரல் நகத்தில் அதன் கூர்மையைப் பார்த்துக்கொள்கிறார். சிவப்புப் பென்சில் கோட்டின் மேலேயே, ஒரு நூல் அளவுகூட விலகாமல், நான்கு பக்கமும் அறுக்கிறார். செய்தி கழன்று வருகிறது. மேஜையில் கீறல் இல்லை. அடுத்து நீலக் கோடு போட்ட பத்திரிகை. "எந்திரிங்க பெரியவரே, உங்க முறை" என்று அதைத் தட்டி எடுக்கிறார்.

ஆம்பூர்க் கடைத்தெரு வாசகசாலையைப் பார்த்துக்கொள்பவர் அவர். வயது ஐம்பத்தெட்டு. அதில் இருபத்திரண்டு வருஷம் தோல் பதனிடும் ஷாப்பில் ஓரம் வெட்டியவர். ஆவாரம்பட்டைத் தண்ணீர் அவர் நகங்களைப் பழுப்பாக்கியது; அது இனிப் போகாது. வீட்டில் உருது. தமிழ் எழுத்தைக் கடைப் பலகைகளைப் பார்த்தே கற்றார். படிக்கத் தெரியாதவர்களுக்கு விரல் வைத்துப் படித்துக் காட்டுவார். கல்யாணமோ கொலையோ, ஒரே குரல். "ஏத்தறதை எல்லாம் அச்சுலயே ஏத்திட்டாங்க. நான் வேற ஜாஸ்தி பண்ணணுமா?"

மதராஸிலிருந்து காலை வண்டியில் இரண்டு தமிழ்ப் பத்திரிகைகள் வருகின்றன. காங்கிரஸ்காரர்களுடையதை ஊரார் கதர் பேப்பர் என்கிறார்கள். கோட்டு மாட்டிக்கொள்ளும் அவர்களுடைய எதிரிகளுடையது கோட்டு பேப்பர். மக்பூல் பாய்க்கு முன்னது சின்னவர், பின்னது பெரியவர். ஒரே கூட்டத்துக்குச் சின்னவர் ஐயாயிரம் பேரைக் கூட்டிவந்தால், பெரியவர் ஐம்பது பேரை நிறுத்திக்கொண்டு மிச்சத்தை வீட்டுக்கு அனுப்பிவிடுவார்.

இந்த வருஷத் தேர்தலில் அது முற்றிப்போய், வாசகசாலைக்குள் ஒருவர் தலையில் மைக்கூடு உடைந்தது. கமிட்டி கூடியது. இரண்டையும் நிறுத்திவிடலாம் என்றார் ஒருவர். ஆளுக்கு நாலு பிரதி வாங்கலாம் என்றார் இன்னொருவர். கடைசியில் தீர்மானம் இப்படி: கட்சி வாடை அடிக்கும் செய்தி எதுவும் மேஜைக்கு வரக்கூடாது. கோட்டுக் கட்சியைச் சேர்ந்த காரியதரிசி காசிநாதன், ஓய்வு பெற்ற வாத்தியார், கதர் பேப்பரில் சிவப்புக் கோடு போடுவார். கதர்க் கட்சி மெம்பர் கோட்டு பேப்பரில் நீலக் கோடு போடுவார். மக்பூல் வெட்ட வேண்டும். வெட்டியதை அன்றன்றே எரித்துவிட வேண்டும். மீறினால் வேலை போகும்.

பத்தே நாளில் பத்திரிகைகள் கிழிந்த கொசுவலை மாதிரி ஆயின. ஓட்டை வழியாக எதிரே உட்கார்ந்திருப்பவர் மூக்கு தெரிந்தது. தோல் வியாபாரி ஷபீ அஹமது லண்டன் ஏல விலையைத் தேடி அலுத்தார்.

"இன்னா மக்பூல், விலையைக் காணோமே?"

"சின்னவரு முதுகுல இருந்திச்சி, பாய். வயித்துல வெட்டச் சொன்னாங்க. முதுகும் கூடவே வந்திடுச்சி."

ஒரு சனிக்கிழமை பத்தரை மணிக்கு லோகநாதன் வந்தான். ஷாப்பில் ஆயில் எஞ்சின் பார்ப்பவன். தொழிற்பள்ளியில் மூன்று வருஷம் படித்தவன். அம்மா போய் நாற்பது நாள். மொட்டை அடித்த தலையில் முடி அரை அங்குலம் வளர்ந்திருந்தது. அவன் அப்பா மதராஸில், பெரியமேட்டில் ஒரு தோல் கிடங்குக்கு இரவுக் காவல். அந்தக் கிடங்கு வியாழக்கிழமை இரவு எரிந்துபோனதாக வண்டியில் வந்த யாரோ சொன்னார்கள். விடிந்ததும் தந்தி கொடுத்தான். பதில் இல்லை. அப்பாவின் விலாசமே அந்தக் கிடங்குதான்.

ஒரு மணிக்குத்தான் மதராஸ் வண்டி. அவன் உட்காரவில்லை. நின்றபடியே இரண்டு பத்திரிகைகளையும் புரட்டினான். இரண்டிலும் நாலாம் பக்கத்தில் ஓட்டை. கதர் பேப்பரில் ஒன்பது அங்குலம், கோட்டு பேப்பரில் நாலு. ஓட்டைக்கு மேலே 'பெரியமேட்டில் தீ' என்ற தலைப்பு மட்டும் தப்பியிருந்தது.

"பாய், இதுல இன்னா இருந்திச்சி?"

"நான் வெட்டறப்போ படிக்கறதில்லப்பா. ஏன், இன்னா ஆச்சு?"

சொன்னான். மக்பூல் பாய் வாசல் பக்கம் ஒரு தடவை பார்த்தார். பிறகு பீரோவுக்குப் பின்னாலிருந்து ஒரு பிஸ்கட் டின்னை இழுத்தார். உள்ளே தேதிவாரியாக அடுக்கி, நூல் கட்டிய வெட்டுத் துண்டுகள். ஒன்றுகூட எரியவில்லை.

"ஷாப்ல ஓரத்தை எவனாவது எரிப்பானா? வஜ்ரப் பசை காய்ச்சறவன் வந்து அள்ளிக்கினு போவான். கை வரல எனக்கு."

இரண்டு துண்டுகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, விரல் வைத்துப் படித்தார். முதலில் பெரியவர்: "முதலாளியவர்களின் முன்யோசனையால் அமர்த்தப்பட்டிருந்த காவலாளி உடனே கூச்சலிட்டதால், எவருக்கும் சிறு கீறலும் இல்லை. 'எங்கள் எஜமான் தர்மப்பிரபு' என்று அக்காவலாளி நேற்றுக் காலை நமது நிருபரிடம் மனமுருகிக் கூறினார்."

பிறகு சின்னவர்: "கிடங்கில் ஒரு வாளித் தண்ணீர்கூட இல்லை. பலர் மாண்டிருக்கலாமென அஞ்சப்படுகிறது. 'முதலாளி எட்டிக்கூடப் பார்க்கவில்லை' என்று அங்குள்ள ஒரே காவலாளி நேற்றுப் பகல் நமது நிருபரிடம் கண்ணீர் மல்கக் கூறினார்."

லோகநாதன் அந்த வரியில் விரலை வைத்தான். "பலர்னு போட்டிருக்கே, பாய்."

"நீ பலரைத் தேடியா வந்தே? உங்கப்பன் ஒருத்தரைத்தானே? இன்னா மனுசன்பா அவரு! காலைல ஒரு கட்சி, மத்தியானம் ஒரு கட்சி."

"அப்பா அப்படியெல்லாம் பேசற ஆள் இல்ல. ரெண்டுமே பொய்."

"பொய்யாவே இருக்கட்டும். ரெண்டு பேரும் யார் வாய்ல வச்சிப் பொய் சொல்றாங்க? உயிரோட இருக்கற ஆளு வாய்லதான வைக்க முடியும்? உங்கப்பன் செத்திருந்தா சின்னவரு சும்மா விட்டிருப்பாரா? தலைப்பே உங்கப்பன்தான். இவங்க ரெண்டு பேரும் ஒத்துப்போய் நான் பார்த்ததே இல்ல. இன்னிக்கி ஒத்துப்போயிருக்காங்க. உங்கப்பன் வெள்ளிக்கிழமை பேசிக்கினு இருந்தார்."

லோகநாதன் பெஞ்சில் உட்கார்ந்தான். தண்ணீர் கேட்டான். இரண்டு சொம்பு குடித்தான். "எஜமான் தர்மப்பிரபுவாம்" என்றான். "பாட்டரி லைட்டு கேட்டு ஆறு மாசமா திட்டிக்கினு இருக்காரு அப்பா." சிரிக்கிறானா அழுகிறானா என்று மக்பூல் பாய் பார்க்கவில்லை. சொம்பைக் கழுவப் போனார்.

திரும்பி வந்தபோது காசிநாதன் மேஜையருகில் நின்றிருந்தார். டின் திறந்தே கிடந்தது.

"எரிக்கணும்னு தீர்மானம். தெரியுமில்ல, மக்பூல்?"

"தெரியும் சார். பெரியமேட்டுக் காவல்காரர் மகன் இவன். எரிச்சிருந்தா இந்தப் புள்ள மதராஸ் வரைக்கும் நெருப்பை வயித்துல கட்டிக்கினு போயிருப்பான். சாவியை வாங்கிக்கறதுன்னா வாங்கிக்குங்க."

காசிநாதன் துண்டுகளை எடுத்து இரண்டையும் படித்தார். பெரிய துண்டைச் சுற்றி அவருடைய சிவப்புக் கோடு இருந்தது. மொட்டைத் தலையைப் பார்த்தார். சாவியைக் கேட்கவில்லை.

"காலைல அவசரத்துல போட்டேன்" என்றார். பிறகு, "நம்ம பேப்பர்லதான் யாருக்கும் கீறல் இல்லைன்னு தெளிவா இருக்கே. அது ஒண்ணு போதாதா?"

"நீங்க ஒருத்தர் சொன்னா இவன் நம்புவானா, சார்? உங்க எதிரியும் சொன்னாத்தான் நம்புவான்."

காசிநாதன் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "கமிட்டிக்கு நான் பேசிக்கறேன். இனிமே வெட்ட வேணாம். இதையும் ஒட்டி வச்சிடு."

லோகநாதன் ஒரு மணி வண்டிக்குக் கிளம்பினான். அப்பாவை எப்படியும் பார்த்துவிட்டு வர வேண்டும். இப்போது நடந்து போனான். வந்தபோது ஓடி வந்திருந்தான்.

மக்பூல் பாய் கோந்து சீசாவைத் திறந்தார். சின்னவரின் துண்டை எடுத்துப் பெரியவரின் ஓட்டையில் ஒட்டினார். பெரியவரின் துண்டைச் சின்னவருக்குள் ஒட்டினார். நாலு அங்குலத் துண்டு ஒன்பது அங்குல ஓட்டையின் மேல் பாதியில் உட்கார்ந்தது. ஒன்பது அங்குலத் துண்டு நாலு அங்குல ஓட்டையில் அடங்காமல் பக்கத்துக்குக் கீழே வால்போலத் தொங்கியது. அந்த வாலை உள்ளங்கையால் ஒரு முறை நீவி, ஈரம் காயும்வரை ஊதி, கோட்டு பேப்பரைக் காசிநாதன் முன்னால் விரித்து வைத்தார்.