கணவர் நெல் காயவைத்த சைக்கிள் பாதை

ஒதியம்பட்டில் எங்கள் ரோட்டை அகலப்படுத்தியபோது ஊரே பூரித்தது, நானும்தான். தார் ஆறிய மறுநாளே என் பூரிப்பு போய்விட்டது. சேதராப்பட்டு கம்பெனி பஸ் வில்லியனூரில் ஏழேகாலுக்கு வரும். அதைப் பிடிக்க நாங்கள் ஒன்பது பெண்கள் சைக்கிளில் போகிறவர்கள். முன்பு குழிக்குப் பயந்து ஊர்ந்த லாரிகள் இப்போது காதை உரசிக்கொண்டு பறந்தன. ஒருநாள் அந்தக் காற்றிலேயே சாய்ந்து முட்டியைப் பெயர்த்துக்கொண்டேன்.

"வேலையும் வேணாம் ஒண்ணும் வேணாம். வூட்லயே கெட" என்றார் கணவர். ரத்தத்தைப் பார்த்த பயம் அவருக்கு.

எனக்கு வந்ததே கோபம்! "லாரிக்கு மட்டுந்தான் ரோடு போட்டாங்களா? நான் இன்னா பறந்தா போவேன்?" என்றேன். வாய்தான் பேசியது. மறுநாள் லாரிச் சத்தம் கேட்டபோதெல்லாம் சைக்கிளை விட்டு இறங்கி ஓரமாய் நின்றேன். அறுவடை முடிந்ததும் வேலையை விட்டுவிடலாம் என்று மனசுக்குள் முடிவே செய்துவிட்டேன்.

அந்த அறுவடையில் புது ரோட்டோரம் நெல் காய்ந்தது. வண்டி ஏறாமலிருக்கச் சுற்றிலும் கல் அடுக்குவார்கள். காய்ந்ததும் நெல்லை அள்ளிக்கொண்டு கல்லை அப்படியே விட்டுப்போவது எங்கள் ஊர்க்காரர்களின் கெட்ட பழக்கம். அதை நான் திட்டாத வருஷமில்லை. அந்த வருஷம் வாயே திறக்கவில்லை. கல்லைக் கண்டு லாரிகள் விலகிப் போக, கல்லுக்கு உட்புறம், நெல் அள்ளிய இடத்தில் நாங்கள் கதை பேசிக்கொண்டு ஜம்மென்று போனோம்.

நாலாம் நாள் ரோட்டு இன்ஜினியர் ஆள்விட்டுக் கல்லைப் பொறுக்கினார். என் சைக்கிளைக் குறுக்கே நிறுத்தினேன்.

"இன்னாம்மா இது? பைக்ல வர்றவன் மோதி வுழுந்தா யார் பதில் சொல்றது?"

"கல்லு வேணாம் சார். கல்லு இருந்த எடத்துல வேற எதுனா வைங்க. இல்லாட்டி நாங்க ஒம்பது பேரும் ஸ்கூட்டி வாங்கிப் பொகை வுட்டுக்கினு போவோம், பரவால்லியா?"

சிரித்துவிட்டார். "எழுதிக் குடுங்க" என்றார். தட்டிக்கழிக்கிறார் என்றுதான் நினைத்தேன். இருந்தாலும் எழுதி, ஒன்பது பேரும் கையெழுத்துப் போட்டுக் கொடுத்து, ஆபீசுக்கு நடையாய் நடந்தோம். அந்த நாளெல்லாம் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டுதான் மிதித்தோம். ஒருநாள் காலையில் பார்த்தால் ரோட்டோரம் நெடுக சைக்கிளுக்கென்று வெள்ளைக் கோடு, கோட்டின் மேல் முழங்கால் உயரத்துக்கு மஞ்சள் கம்பங்கள்! சந்தோஷம் தாங்காமல் விசிலே அடித்துவிட்டேன்.

அடுத்த அறுவடை வந்தது. காலையில் எங்கள் பாதைக்குள் நுழைந்தால், நீளத்துக்கும் நெல். பலகையால் பரப்பிக்கொண்டிருந்தவர் என் கணவரேதான்.

"யோவ், இன்னாய்யா இது?"

"கல்லு அடுக்குற வேலயே இல்லடி. அவங்களே கம்பம் நட்டுக் குடுத்துட்டாங்க" என்று பல்லைக் காட்டினார்.

எனக்குப் பின்னால் எட்டு சைக்கிள் மணியும் ஒன்றாக அலறின. பதறிப்போய்ப் பலகையைத் திருப்பி, நெல்லை ஓரமாகத் தள்ளி வழிவிட்டார்.

"இன்னா நின்னுக்கினு கீற? பஸ்ஸு பூடும். வேலைக்கு லேட்டாப் போவாத, போ, போ!"

வூட்லயே கெட என்ற அதே வாய்.